ஒன்பது விரல்கள்

அந்த வருஷம் ஆனி பிறந்ததுமே சாரல் பிடித்துக்கொண்டது. நாலாம் நாள் காலையில், இலஞ்சியில் பரமசிவன் வீட்டுக் காரின் பானட்டில் ஒரு கை எழும்பி வந்திருந்தது.

முதலில் பார்த்தவள் பால் ஊற்ற வந்த குருவம்மாள். செம்பை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். பத்து மணிக்குள் தெருவே வந்து பார்த்துப் போயிற்று. கருஞ்சிவப்புப் பெயிண்டின் மேல், வெந்த புண்ணில் தோல் வெளுத்துத் தூக்கிக்கொள்வதுபோல, உள்ளங்கையும் விரல்களுமாக ஒரு கை. விரலை எண்ணிய எல்லாருக்கும் ஒன்பது வந்தது.

பரமசிவனுக்குக் குற்றாலத்தில் லாட்ஜ். போன மாசியில் பின்பக்கம் நாலு அறை சேர்த்துக் கட்டுவதற்காக, அங்கிருந்த மாடன் பீடத்தை வேலிக்கு அந்தப் பக்கம் நகர்த்தி வைத்திருந்தார். அதனால் கை யாருடையது என்று யாரும் யோசிக்கக்கூட இல்லை. வெள்ளிக்கிழமை பூசாரியை அழைத்துக் குறி கேட்பது, அவர் கேட்கிற கிடாயை வெட்டுவது என்று முடிவாயிற்று.

இருந்தாலும் பரமசிவன், தென்காசியில், கலர் மேல் மினுமினுப்புக்கு அடிக்கிற லேக்கர் வாங்கிய பெயிண்ட் கடைக்கும் ஆள் அனுப்பினார். "மருந்து சரியில்லையா, மாடனுக்குக் கோவமா, ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரியணும்" என்று சொல்லிவிட்டிருந்தார். கடைக்காரர் சுப்புராமன் ஞானபாக்கியத்தைப் பஸ் ஏற்றிவிட்டார்.

ஞானபாக்கியம் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தவள். இரண்டு வருஷமாகக் கடையின் பின்னறையில் கலர் கலந்துகொண்டிருக்கிறாள். வாடிக்கையாளர் யாராவது நிமிர்ந்து பார்த்தால் அவளுக்குத் தலை தானாகக் குனிந்துவிடும். ஆனால் தெரிந்த விஷயத்தில் கேள்வி கேட்டுவிட்டால் போதும், பரீட்சையில் பதில் சொல்வதுபோல வார்த்தைகள் வரிசையாக வந்துவிடும். சரியான பதிலைச் சொல்வதைத் தவிர வேறு தைரியம் எதையும் அவள் பழகியிருக்கவில்லை.

கார் வீட்டின் பின்னால் தகர ஷெட்டில் நின்றது. பைபர் பாடி வைத்த சின்னக் கார். பரமசிவனின் தம்பி பிச்சையா அதன் மட்கார்டைச் சுண்டிக்காட்டினார்.

"கேளுங்க டீச்சரம்மா, சத்தத்தை. சோப்பு டப்பாவுக்குச் சக்கரம் வச்சு வித்திருக்கான். எங்க அண்ணாச்சி அதை வாங்கி, அதுக்குப் பத்து நாளு பெயிண்டு அடிச்சு, இப்ப மாடனும் ஏறி உக்காந்துட்டான்."

படித்த பெண் என்றால் அவருக்கு டீச்சர்தான்.

பெயிண்டர் உச்சிமாகாளி ஒரு வாளித் தண்ணீரும் எமரித் தாளுமாக ஓரத்தில் நின்றான். இருபத்தைந்து வயதிருக்கும். சித்திரைக் கடைசியில் இந்த ஷெட்டிலேயே படுதா கட்டி வேலை செய்தவன். அவன் தெருவுக்குள் இந்த வீட்டார் யாரும் கால் வைத்ததில்லை. அவனும் இந்த வீட்டில் ஷெட்டைத் தாண்டி வந்ததில்லை.

"தேய்ச்சு விட்டுருதேன் மொதலாளி. அரை மணி நேர வேலை" என்றான்.

"காலைலேருந்து இதையேதான் சொல்லுதான்" என்றார் பிச்சையா. "நிக்க மாட்டாமப் பறக்கான் பாரு. ஏலே, மாடன் ஒன்னை ஒண்ணும் செய்ய மாட்டாம்லே. அவனுக்கு எங்க கிடாதான் வேணும்."

ஞானபாக்கியம் பானட்டின் மேல் குனிந்தாள். கையின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். லேக்கர் வெங்காயத் தோலாக உரிந்து வந்தது. அடியில் கலர் அப்படியே பளபளவென்று இருந்தது. அதைப் பஞ்சால் துடைத்து மோந்து பார்த்தாள். தேங்காய் எண்ணெய்.

"பைபர்ல தப்பில்லை சார்" என்றாள். "லேக்கரும் நல்ல லேக்கர்தான். கெட்டதா இருந்தா வண்டி முழுக்க உரிஞ்சிருக்கும். கலர் அடிச்ச பிறகு, லேக்கர் அடிக்கிறதுக்கு முன்னாடி, எண்ணெய்க் கை பட்டிருக்கு. எண்ணெய் மேல லேக்கர் ஒட்டாது. வெயில் காலத்துல வெளிய தெரியாது. சாரல் ஈரம் உள்ள இறங்கினதும் தூக்கிருச்சு."

பரமசிவன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப மாடன் இல்ல?"

"இல்லை சார்."

"கேட்டியாலே பிச்சையா? ஒரு கிடா மிச்சம்." அவர் சிரித்தார். "அது சரிம்மா, ஒம்பது விரலு எப்படி வந்துச்சு?"

அதையும் அவள் அப்போதே பார்த்து முடித்திருந்தாள். விடை கைவசம் இருந்தது. சொல்லிவிட்டாள்.

"இது ஒரு கை இல்லை சார், ரெண்டு கை. சின்னது அடியில. பெரிசு அதுக்கு மேல, விரலுக்கு நடுவுல விரல் வச்சு. ஒரு விரல் மட்டும் இன்னொண்ணு மேலயே படிஞ்சிருக்கு, அதான் ஒம்பது." தன் இடது கைமேல் வலது கையை வைத்துக் காட்டினாள். "சின்னக் கையில வளையல் இருந்திருக்கு. மணிக்கட்டுக்கிட்ட ரெண்டு கோடு தெரியுது பாருங்க."

யாரும் பார்க்கவில்லை. உச்சிமாகாளியின் கையிலிருந்த எமரித் தாள் வாளிக்குள் விழுந்தது.

பிச்சையா மெதுவாகக் கேட்டார். "கலருக்கும் லேக்கருக்கும் நடுவுல எத்தனை நாளு விடுவாங்க டீச்சரம்மா?"

"ஒரு நாள்தான்."

"ஒரு நாளு." அவர் அண்ணனிடம் திரும்பினார். "லேக்கர் டின்னு வந்து எறங்குன அன்னைக்கு நாம எங்கன இருந்தோம்?"

பரமசிவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"சங்கரன்கோவில் கல்யாணத்துல இருந்தோம். குடும்பத்தோட. பாலாவுக்கு மட்டும் தலைவலி." பிச்சையா வீட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏட்டி பாலா, டீச்சரம்மாவுக்குக் காப்பி கொண்டா."

பரமசிவனின் மகள் பாலாம்பாள் வந்தாள். பத்தொன்பது வயது. எண்ணெய் வைத்துப் பின்னிய தலை, இரண்டு கையிலும் இரண்டிரண்டு கண்ணாடி வளையல். உச்சிமாகாளியை அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவள் பட்ட பாட்டை எல்லாரும் பார்த்தார்கள்.

"தம்ளரைக் கீழ வச்சிட்டு இங்கன வா" என்றார் பிச்சையா. "கையை இதுல வையி. சும்மா, பாப்போம்."

அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று ஞானபாக்கியத்துக்கு உறைத்தது. தீராத வயிற்றுவலியால் இளம்பெண் கிணற்றில் விழுந்தாள் என்று தினசரியில் மூன்று வரி வரும். கடையில் பொட்டலம் மடிக்கிற பழைய தாள்களில் அவள் எத்தனையோ தடவை படித்திருக்கிறாள். அந்த வயிற்றுவலி இந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்குத்தான் வரும். இந்த ஷெட்டை ஒட்டியும் ஒரு கிணறு இருந்தது.

"சார், அது என் கை" என்றாள்.

நாலு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"டின் கொண்டுவந்தது நான்தான். கலர் காஞ்சிருக்கான்னு கை வச்சுப் பாத்தேன். ரெண்டு தடவை. வழுக்கினதுல ஒண்ணு பெரிசாத் தெரியுது. ரெண்டு பேருன்னு நான் சொன்னது தப்பு. கடையில திட்டுவாங்கன்னு பயந்துட்டேன்."

வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரிந்தே தப்பான விடை சொல்கிறாள். காது மடல் கொதித்தது. குரல் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தது.

"அப்ப நீங்க வையுங்க" என்றார் பிச்சையா.

அவள் கையை வைத்தாள். வைத்தவள் உடல் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தி, உள்ளங்கையைத் திருகினாள். உலர்ந்த அப்பளம்போல லேக்கர் நொறுங்கியது. கையை எடுத்தபோது பானட்டில் விரல்களும் இல்லை, வளையல் கோடும் இல்லை. தட்டளவுக்கு ஒரு மொட்டை இடம் இருந்தது. அவள் உள்ளங்கையில் ரத்தம் கசிந்தது.

பிச்சையா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடியில இருந்தது எடது கை, தாயி. நீங்க வச்சது வலது."

பாலாம்பாள் தம்ளரைக் கையில் பிடித்தபடியே நின்றாள். காப்பி தளும்பி அவள் விரல்களில் வழிந்தது. அவள் அதை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

"போதும் பிச்சையா" என்றார் பரமசிவன். அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. "அந்தப் பிள்ள சொல்லிட்டுல்லா. அது கைதான்." மகளைப் பார்க்காமலே, "ஏட்டி, உள்ள போ" என்றார். பிறகு பெயிண்டரிடம், "நீ சாமானை எடுத்துட்டுக் கெளம்புலே. இனி இந்தப் பக்கம் வராத" என்றார்.

அவர் நம்பவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அவர் கேட்டது கொஞ்சம் அவகாசம்தான். அதைத் தம்பி எத்தனை நாளைக்குக் கொடுப்பார் என்பதுதான் தெரியவில்லை.

ஞானபாக்கியம் வெளியே வந்தபோது தென்னந்தோப்பு வேலியோரம் உச்சிமாகாளி நின்றுகொண்டிருந்தான். உதடெல்லாம் வெளுத்திருந்தது.

"வீட்டுக்குப் போகாதீங்க" என்றாள் அவள். தெரியாத ஆணிடம் அவள் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"செங்கோட்டைக்குப் போயி பன்னெண்டு மணி ரயிலு வண்டியப் பிடிக்கேன். புனலூர்ல அக்கா இருக்கா." அவன் வீட்டைப் பார்த்தான். "அவ..."

"போங்க."

அவன் வயல் வரப்பில் இறங்கி நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் ஓடினான்.

அவள் மெயின் ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றாள். பத்து நிமிஷத்தில் பிச்சையாவின் ஜீப் வந்து அருகில் நின்றது. பின்சீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். லாட்ஜ் ஆட்களாக இருக்கும்.

"தென்காசிக்குத்தானே? ஏறுதீயளா?"

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"சரி. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். அந்தப் பயலுக்கு ஆத்தா வீடு பாவூர்சத்திரம். அக்கா வீடு புனலூரு. எங்கன போயிருப்பான்?"

ஞானபாக்கியம் பாவூர்சத்திரம் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. பொய் சொல்லும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று இந்த மனிதர் சற்றுமுன்தான் பார்த்திருக்கிறார். ஒரு தடவை பார்த்ததை மறக்கிறவர் இல்லை.

அவள் தரையைப் பார்த்தாள். ஷெட்டில் பேசிய அதே குரலை வரவழைத்தாள். வரவழைக்க அதிகப் பாடுபட வேண்டியிருக்கவில்லை.

"செங்கோட்டைக்குப் போனார். புனலூர் வண்டிக்கு."

ஜீப்பின் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பிச்சையா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஒரே நாள்ல ரெண்டாவது பொய் தாயி. ஒங்களுக்கு இது வரல, விட்டுருங்க."

ஜீப் கிழக்கே திரும்பியது. தென்காசி தாண்டிப் பாவூர்சத்திரம் போய், தேடி, ஏமாந்து திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் செங்கோட்டையிலிருந்து வண்டி கிளம்பிவிடும். அவன் கிடைக்கவில்லை என்றதும் ஜீப் நேராக எந்த வீட்டுக்கு, யாரைத் தேடி வரும் என்பதையும் அவளால் கணக்குப்போட முடிந்தது.

தென்காசி பஸ் வந்தது. கண்டக்டர் படியில் நின்று, "ஏறுதீயளா இல்லையா?" என்றார்.

"இல்லை" என்றாள்.

வந்த வழியே திரும்பி நடந்தாள். சாரல் கனத்திருந்தது. பரமசிவன் வீட்டு வாசலுக்கு வந்தபோது கதவு சாத்தியிருந்தது. பகல் பதினொன்றரை மணிக்கு அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டுக் கதவும் சாத்தியிருக்கவில்லை. தட்டினாள்.

உள்ளே தாழ்ப்பாள் அசைந்தது. திறக்கிறார்களா, இன்னொரு தாழ்ப்பாளையும் சேர்த்துப் போடுகிறார்களா என்று தெரியவில்லை. மறுபடியும் தட்டினாள்.