பன்னிரண்டாவது பெயர்

கம்ப்யூட்டரில் எழுபத்தொன்றாவது பதிவை மூடிவிட்டு, மருமகள் வலது மணிக்கட்டை இடது கையால் பிசைந்துகொண்டாள். இன்னும் அதே அளவு பாக்கி இருந்தது. கூடத்தில் மாமனாரைக் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு மூச்சு நின்றது. வண்டி நாலு மணிக்கு வரும்.

அவள் கணவன் சமையலறைக்குள் தலையை நீட்டினான். "முடிஞ்சுதா?"

"பாதிதான் ஆயிருக்கு."

"எல்லாத்தையும் ஒரேயடியா மூட ஒரு பட்டன் வைக்கக்கூடாதா அவனுங்க?"

"மியூசியத்துல காலையில கேட்டேன். அவங்களே மூடித் தரணும்னா மூணு வேலை நாள் ஆகுமாம்."

"செத்தவருக்கு ஏது வேலை நாளு" என்று முணுமுணுத்துவிட்டுப் போனான். அழுது அழுது அவன் மூக்கு சிவந்திருந்தது.

மாமனாரின் ஆட்களுக்கு இதில் ஒரு கண்டிப்பு உண்டு. ஒருவர் போய்விட்டால், உடல் வாசலைத் தாண்டுவதற்குள் அவர் குரலை மூடிவிட வேண்டும். ஒரு வருடத்துக்கு யாரும் அதைக் கேட்கக்கூடாது. அதற்கப்புறமும், இன்னார் கேட்கலாம் என்று அவர் சொல்லிவைத்துப் போனவர்கள் மட்டும்தான். கருவிகள் வராத காலத்தில் இது பெரிய பாடாக இருந்திருக்காது. செத்தவர் மாதிரி பேசிக்காட்டாமல் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் போதும். இப்போது நூற்று நாற்பத்து மூன்று பக்கங்களை ஒவ்வொன்றாக மூட வேண்டியிருக்கிறது.

அந்த நூற்று நாற்பத்து மூன்றும் கடல் தாண்டி ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கும் சாமான்கள். மீன் கூடை, எலும்பு ஊசி, பிள்ளையைக் கட்டிச் சுமக்கும் பலகை என்று மாமனாரின் பாட்டன் காலத்தில் யாரோ மூட்டை கட்டி எடுத்துப் போனவை. நாலு வருடத்துக்கு முன் அவற்றைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றி, இவையெல்லாம் என்னவென்று நீங்களே சொல்லுங்கள் என்று இவர்களிடம் கேட்டார்கள். "நம்ம சாமானத் தூக்கிட்டுப் போயிட்டு, இது என்னன்னு நம்மகிட்டயே கேக்குறான் பாரு!" என்று மாமனார் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துவிட்டு முதல் ஆளாக அவரே சொல்லவும் உட்கார்ந்தார்.

பஸ் டிப்போவில் முப்பது வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஊருக்கே அவர் 'ஃபியூஸ்'தான். ஒயரில் கில்லாடி, கம்ப்யூட்டர் என்றால் கையைக் கட்டிக்கொள்வார். பெற்ற பிள்ளைக்குப் பொறுமை கிடையாது. அகப்பட்டவள் மருமகள். வாரம் முழுக்க ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடித்த கையோடு, லீவு நாளில் இதே சாப்பாட்டு மேஜையில் அவர் பக்கத்தில் உட்காருவாள். அவர் பேசப் பேசப் பதிவு செய்து, பிறகு அதை எழுத்திலும் அடித்து ஏற்றுவாள். ஒரு சாமானுக்கு ஒரு பதிவு. ஊசியைப் பற்றி ஆரம்பித்தால் மூன்று தலைமுறைச் சண்டையைச் சொல்லிவிட்டுத்தான் ஊசிக்குத் திரும்புவார். எத்தனையோ நாள் எரிச்சலாக இருந்திருக்கிறது அவளுக்கு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவள் அவர்களுடைய ஆள் இல்லை, வேறு இனத்துப் பெண். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஆன பிறகும் மாமனாரின் அக்கா அவளை 'வந்தவ' என்றுதான் சொல்வாள். கணவன் கூப்பிடுகிறபடி அவளை அத்தை என்றே இவளும் கூப்பிடுவாள். அத்தை திரும்பி எதுவும் கூப்பிட மாட்டாள்.

பக்கத்தைத் திறந்தால் பதிவு தானாக ஓட ஆரம்பித்துவிடும். அதனால் சத்தத்தை அடைத்து வைத்திருந்தாள். 'குடும்பத்துக்கு மட்டும்' என்பதை அழுத்த வேண்டும். 'உறுதியா?' என்று கேட்கும், ஆம் சொல்ல வேண்டும். இப்படி நூறு தடவை உறுதியா, உறுதியா என்று கேட்டால் எப்பேர்ப்பட்டவருக்கும் சந்தேகம் வந்துவிடும். ஆம் சொன்னதும் பக்கம் சாம்பல் நிறமாகி, 'இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்று ஒரு வரி வரும். அவளுடையது உதவியாளர் கணக்கு. மூடலாம், திறக்க முடியாது. திறப்பது மாமனார் சொல்லிவைத்த பட்டியலில் இருக்கிற பதினோரு பேரால் மட்டும்தான் முடியும்.

பன்னிரண்டு பேர் இருந்திருக்க வேண்டும். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அருங்காட்சியகத்துப் பெண்ணிடம் காலையிலேயே அதையும் கேட்டிருந்தாள், யாருக்கோ கேட்பது மாதிரி. பட்டியலை மாற்ற மாமனாரே இல்லாததால், அதில் இருக்கும் அத்தனை பேரும் ஒரு தாளில் கையெழுத்திட்டுப் படமெடுத்து அனுப்பினால் ஒரு பெயரைச் சேர்க்கலாம் என்று பதில் வந்தது. முடிவில் ஆழ்ந்த அனுதாபங்கள். அவள் அதைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திறந்தாள்.

நூறு தாண்டியது. யாரோ காப்பி வைத்துவிட்டுப் போனார்கள், அது ஆடை கட்டியது. கூடத்தில் புதிதாக ஆள் வரும்போதெல்லாம் அழுகை ஒரு சுற்று உயர்ந்து அடங்கியது. எழுந்து போய் அழ அவளுக்கும் ஆசையாக இருந்தது. வேலை விடவில்லை. நூற்றிருபது. நூற்று முப்பத்தெட்டு. கண் எரிந்தது.

கடைசிப் பதிவில் நிறுத்தினாள். கூடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இயர்போனை ஒரு காதில் செருகிக்கொண்டாள். செய்யக்கூடாத காரியம். தெரிந்தேதான் செய்தாள்.

அதைப் பதிவு செய்த அன்று நிறுத்த மறந்துவிட்டிருந்தாள். சாமான் கதை முடிந்து, அவர் பட்டியல் சொல்வதும் அதிலேயே விழுந்திருந்தது.

"...பதினொண்ணு எங்கக்கா. போட்டியா?"

"போட்டேன் மாமா."

"பன்னெண்டு, நீ."

"நான் எதுக்கு மாமா?"

"எதுக்காவா? நாலு வருஷமா என் தொண்டைய நீதானே மேய்ச்சிட்டிருக்க! போடுன்னா போடு."

"சரி... போட்டுட்டேன்."

போடவில்லை. ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டாள் என்று பேச்சு வருமோ என்று பயந்தாள். அவருக்குக் கண் மங்கல், திரையில் இருப்பது தெரியாது. நிதானமாக ஒருநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டதுதான். நிதானமான நாள் வரவேயில்லை.

உறுதியா என்று கேட்டது. ஆம் என்றாள். திரை சாம்பலானது. இத்தனை வருடத்தில் இவ்வளவு தனியாக அவள் இருந்ததில்லை.

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "மூடியாச்சா?"

"ஆச்சு, அத்தை."

"ஒண்ணும் விடலியே? என் தம்பி குரலு தெருத்தெருவா சுத்தக்கூடாது."

"ஒண்ணும் விடல."

அத்தை மேஜைத் துணியை நீவிவிட்டாள். "வருஷம் திரும்பினதும் நீதான் எனக்குப் போட்டுக் காட்டணும். இந்தப் பொட்டியெல்லாம் எனக்கு ஆகாது."

"எனக்குத் தெறக்காது அத்தை."

"ஏன்? பன்னெண்டாவது உன்னைத்தான் சொன்னேன்னு அவன் எங்கிட்ட சொன்னானே."

"சொன்னாரு. நான் போடல. போட்டுட்டேன்னு பொய் சொன்னேன்."

"ஏன்டி?"

அவள் ஆடை கட்டிய காப்பியைப் பார்த்தாள். மழுப்பக்கூடத் தெம்பில்லை. "நீங்க ஏதாச்சும் சொல்வீங்கன்னு."

வாசலில் வண்டி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. கணவன் யாரையோ வழி விடச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"சொல்லியிருப்பேன்" என்றாள் அத்தை. "சொல்லிட்டு விட்டிருப்பேன். இப்ப போட முடியாதா?"

"பதினோரு பேரும் கையெழுத்துப் போடணுமாம். ஒரு தாள்ல."

அத்தை கூடத்துப் பக்கம் திரும்பிக் கணக்கெடுத்தாள். "அத்தனை பேரும் இங்கதான் இருக்காங்க."

"இன்னிக்கு வேணாம் அத்தை. நல்லாருக்காது. அவரைத் தூக்குற நேரத்துல..."

"நாளைக்கு நீயாப் போயி பதினோரு வாசல்ல நின்னு கேப்பியா?"

அவள் காப்பி டம்ளரை ஓரமாக நகர்த்தினாள்.

"மாட்ட" என்றாள் அத்தை. முழங்காலில் கையூன்றி எழுந்தாள். கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "டேய், தூக்காதீங்க. கொஞ்சம் பொறுங்க." பிறகு மேஜைப் பக்கம் திரும்பினாள். "பேனா எங்க?"

மேஜை இழுப்பறையில் ஒரு பேனாதான் இருந்தது. எழுதி வருடமாகியிருக்கும். மருமகள் பழைய செய்தித்தாளின் ஓரத்தில் அதை வைத்துச் சுழித்தாள். வெறும் பள்ளம் விழுந்தது. அழுத்திச் சுழித்தாள். கூடத்தில் அழுகை நின்று, எல்லோரும் என்னவோ ஏதோ என்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தலை நிமிராமல், தாள் கிழிகிற அளவுக்கு, சுழித்துக்கொண்டே இருந்தாள்.