ஏரிக்கரையில் எங்கள் கழிப்பறை

"இதைப் பிரிச்சுப் போடு," என்றாள் பட்டதாரி, சித்திரக்காரியிடம். "இப்பவே. ஒரு ஆணி மிச்சம் இல்லாம."

கல்லூரித் தோழியான இந்தச் சித்திரக்காரியிடம் வாயைத் திறந்து எதையும் எதிர்த்துக் கேட்டுவிடக் கூடாது என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். தங்குவது அவள் வீட்டு மாடி அறையில். வேலை அவள் பெரியப்பாவின் காப்பீட்டு அலுவலகத்தில். இந்த ஏரிக்கரைக் கலைவிழாவுக்கு வந்ததும் அவள் காரில்தான். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் என்பதால் தெருவே இவளைப் 'பட்டதாரி' என்றுதான் கூப்பிடும். பாதி பெருமை, பாதி நக்கல். பட்டம் வாங்கி என்ன, மூச்சு விடுவதற்கே சித்திரக்காரியின் தயவு வேண்டியிருந்தது.

ஏரியைச் சுற்றிக் கூடாரங்கள், மரத்துக்கு மரம் தொங்கும் சாயத்துணிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருவர் தந்தியை முறுக்கிச் சுதி சேர்த்துக்கொண்டிருந்தார். அதன் நடுவே, தண்ணீரைப் பார்த்தபடி, நின்றது அந்தக் கழிப்பறை.

பட்டதாரி வளர்ந்த வீட்டின் கழிப்பறை, சித்திரக்காரியின் கைவண்ணத்தில். அசல், ஒரே காம்பவுண்டில் இருந்த நான்கு குடும்பங்களுக்கும் பொது. வீடு என்று இருந்த ஒற்றை அறையில் எல்லோரும் படுத்துவிட்டால் விளக்குப் போட முடியாது. அதனால் அங்கே கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துதான் பரீட்சைக்கெல்லாம் படித்தாள். கல்லூரி விடுதியில் ஒருநாள், சிரிப்பும் அழுகையுமாய், சித்திரக்காரியிடம் மட்டும் சொன்னது. இப்போது தகரக் கதவு, பாசிச் சுவர், மங்கல் பல்பு, விளிம்பு உடைந்த வாளி எல்லாம் அச்சு அசலாக நிற்கின்றன. நாற்றம் மட்டும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வாசனை மெழுகுவர்த்தி.

"உன்னைக் கொண்டாடறேன்டி, லூசு."

"என்னைக் கொண்டாடலை. கக்கூசைக் கொண்டாடற."

"பார்த்தவங்க எல்லாம் கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போறாங்க, தெரியுமா?"

"நாத்தத்தையும் வச்சிருந்தா இன்னும் நல்லா துடைப்பாங்க."

அதற்குள் ஒரு டிரம்ஸ்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். விழாவுக்கென்று வைத்திருந்த கழிப்பறைகளின் வரிசை நுழைவாயில் வரை நீண்டிருந்தது.

"அண்ணே, அண்ணே! இது நிஜம் இல்லை, கலை!" சித்திரக்காரி கையை விரித்து மறித்தாள்.

"அவசரத்துக்கு எதுவா இருந்தா என்னம்மா?"

"குழாய்ல தண்ணி வராதுண்ணே!"

"ஏரி முழுக்கத் தண்ணி கிடக்கு, இதுல மட்டும் வராதா? நல்ல கலை!" காலை இடுக்கிக்கொண்டே வரிசையைப் பார்த்து ஓடினார்.

"காலைலேருந்து இதே ரோதனை," என்று சலித்துக்கொண்ட சித்திரக்காரி, பட்டதாரியை மேலும் கீழும் பார்த்தாள். "நீ உள்ள உக்காந்துட்டா யாரும் குழம்ப மாட்டாங்க. கையில ஒரு புத்தகம் வச்சுக்கோ. எப்படியும் சாயங்காலம் உன்னை உக்கார வைக்கிறதாத்தான் இருந்தேன்."

"என்கிட்ட எப்ப கேட்ட?"

"உன்கிட்ட கேக்கணுமாடி? பெரியப்பா வேற நாளைக்கு வர்றார். ஆபீஸ் பூரா உன்னைப் பத்தித்தான் சொல்லி வச்சிருக்கார்."

பெரியப்பா என்றதும் பட்டதாரிக்கு வேலை நினைவுக்கு வந்தது. உள்ளே போய் உட்கார்ந்தாள். சித்திரக்காரி வெளியே கொக்கியை மாட்டினாள். கதவில் துளைகள் போட்டிருந்தாள்; அவற்றின் வழியே கண்கள் வந்து வந்து போயின.

"பாவம், எவ்ளோ சின்ன இடம்!"

"நடிக்கிறாங்களா?"

"இல்லையாம். ஒரிஜினலாம்."

திடீரென்று தலைக்குமேல் ஒலிபெருக்கி அதிர்ந்தது. தகரத்தைத் தட்டும் சத்தம், கூடவே அம்மாவின் குரல்: "எவ்ளோ நேரம்டி உள்ள? எல்லாரும் காத்துக் கிடக்கறாங்க, வெளிய வா!" வெளியே கொல்லென்று சிரித்தார்கள். அம்மா குரலும் இதில் உண்டு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டாள். மறுமுனையில், அம்மா இஸ்திரி போடும் ஓட்டல் சலவைக்கூடத்து இயந்திரங்கள் உறுமின.

"என் குரல் வருதாடி? அந்தப் பொண்ணு மைக்கை நீட்டித் திரும்பத் திரும்பக் கத்தச் சொல்லுச்சு. நல்லா கத்தியிருக்கேனா?"

"நல்லா கத்தியிருக்கம்மா."

"சிரிக்கிறாங்களா?"

"சிரிக்கிறாங்க. என்னால இங்க உக்கார முடியலம்மா."

"அட, விழா முடியற வரைக்கும்தானே? இருக்க இடமும் வேலையும் குடுத்த பொண்ணு. பல்லைக் கடிச்சுக்கோ."

போனை வைத்துவிட்டுக் கதவையே பார்த்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. வீட்டுக் கழிப்பறையில் தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது. நான்கு குடும்பமும் தட்டலாம், கத்தலாம். திறப்பது அவள் இஷ்டம். அவளுக்கென்று இருந்த ஒரே உரிமை அதுதான். அதை மட்டும் சித்திரக்காரி வெளியே மாட்டிவிட்டாள்.

வாளியிலிருந்து எழுந்து ஓங்கி ஓர் உதை விட்டாள். கொக்கி பிய்த்துக்கொண்டு பறந்தது.

கூட்டம் கைதட்டியது. இரண்டு பேர் விசிலடித்தார்கள். சித்திரக்காரி ஓடிவந்து காதோரம் குனிந்தாள். "சூப்பர்டி! நாளைக்குப் பெரியப்பா முன்னாடியும் இதையே பண்ணு!"

மாடி அறை, அலுவலகம், அம்மாவிடம் சொல்ல வேண்டியது எல்லாமே உதைக்கக் காலைத் தூக்கியபோதே முடிவாகிவிட்டன. வாய்விட்டுச் சொல்வதுதான் பாக்கி.

"அம்மா குரலை வச்சுக்கோ, அது அவங்களா குடுத்தது. இந்தக் கக்கூசை நான் குடுக்கலை. ரூமைக் காலி பண்றேன். வேலைக்கு வரமாட்டேன்னு பெரியப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்."

"ஏய், எங்க போற? கார் நாளை மறுநாள்தான் கிளம்பும்!"

"கால் இருக்கு."

இதுவும் காட்சியில் ஒன்று என்று நினைத்துக் கூட்டம் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது. அவள் யார் முகத்தையும் பார்க்காமல் ஏரிக்கரை மண்பாதையில் ஏறி நடந்தாள்.