மூக்கில் விளக்கெரியும் கார்

"மோரிஸ்" என்று வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாள் அவள்.

கணவர் பென்டிரைவில் ஏற்றி வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படம் டிவியில் ஓடியது. இருட்டில், மழையில், அந்தக் காலத்து இங்கிலீஷ் கார் ஒன்று வந்து நின்றது. அவர் கட்டிலில் கிடந்தார். நேற்றிலிருந்து பேச்சில்லை, கண் மட்டும் பாதி திறந்திருந்தது. இன்றைக்குத் தாண்டாது என்று சொல்லிவிட்டு டாக்டர் போயிருந்தார்.

அது மோரிஸ் இல்லை, வுல்ஸ்லி. விளக்கைப் போட்டால் முன்பக்கக் கிரில்லின் நடுவே பெயர்ச் சின்னமும் சேர்ந்து எரியும். கல்யாணமான புதிதில் இதே தப்பைச் செய்ததற்கு, "மூக்குல விளக்கு எரியுதே, உனக்குக் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று விருந்தாளிகள் முன்னால் கத்திய மனுஷர்.

அவர் படம் பார்க்கிற லட்சணமே அதுதான். கதை எக்கேடு கெட்டால் என்ன? கார் வந்தால் நிறுத்துவார், பின்னால் ஓட்டுவார், பம்பர் தெரிகிறவரை விடமாட்டார். கொலைகாரன் யாரென்று தெரியாமலே அவள் அடுப்படிக்கு எழுந்துபோன படங்கள் எத்தனையோ! பெண் பிறந்தபோதுகூட வாய் திறக்காதவர், ஆஸ்டினை ஹில்மன் என்றால் மட்டும் அரை மணி நேரம் பேசுவார். பற்றிக்கொண்டு வரும் அவளுக்கு. ஆனால் அவரைப் பேச வைக்க வேறு வழியும் தெரியவில்லை. தப்பாகச் சொல்வதற்காகவே எல்லாக் கார்களையும் சரியாகத் தெரிந்து வைத்திருந்தாள்.

"உங்களைத்தான் கேக்கறேன். மோரிஸ்தானே அது?"

"அம்மா, நீயெல்லாம் மனுஷியா?" மகள் ரிமோட்டைப் பிடுங்க வந்தாள். "இந்த நேரத்துலயும் வம்புக்கு இழுக்கணுமா?"

"நீ சும்மா இருடி. ஒரு வார்த்தை திட்டிட்டுப் போகட்டும். ஆயுசு பூரா திட்டினவருக்கு இன்னிக்கு மட்டும் என்ன வாய் வலி?"

மகள் குனிந்து அப்பாவின் மூக்கருகே விரலை வைத்தாள். எடுக்கவே இல்லை.

"அம்மா..."

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"அழுத்தக்கார மனுஷன்! கடைசிவரைக்கும் வாயத் திறக்கல பாரு."

படம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. காரிலிருந்து இறங்கியவன் தொப்பியைக் கழற்றப் போனான். இதோ, கொலைகாரனின் முகம் தெரிந்துவிடும். அவள் ரிமோட்டை அழுத்திப் பின்னால் ஓட்டினாள். கார் மறுபடி வந்தது. நிறுத்தினாள்.

"வுல்ஸ்லி" என்றாள், கட்டிலைப் பார்க்காமலே. "எனக்குத் தெரியும்."

மகள் டிவியை அணைக்கப் போனாள். அவள் ரிமோட்டைக் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோதும், மூக்கில் விளக்கெரிய அந்தக் கார் மழையில் நின்றுகொண்டிருந்தது.