தையில் மாட்டிக்கொள்ளலாம்

பிச்சுமணிக்கும் மகள் தீக்ஷாவுக்கும் பேசிக்கொள்ள ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. டயர். சாப்பாடு, கல்யாணம், சாமி என்று வேறு எதை எடுத்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் முட்டிக்கொள்ளும். அவர் தமிழில் கேட்பார், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், மனைவி விசாலாக்ஷி நடுவில் நின்று பெருமூச்சு விடுவாள். டயர் என்று வந்துவிட்டால் மட்டும் அப்பாவும் பெண்ணும் ஒரே கட்சி.

தீக்ஷா ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட். வேலையில் சேர்ந்ததும் அவள் வாங்கியது சீறிப் பாயும் சிவப்புக் கார் ஒன்று. வீட்டுக்கு வீடு ஒரே மாதிரி வெள்ளை வண்டி நிற்கும், டெக்சாஸின் ஃபிரிஸ்கோ ஊரில் இருந்த அந்தத் தெருவில் அது கொஞ்சம் அதிகப்படிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் காலி மைதானத்தில் கூம்புகளை வைத்து வளைத்து வளைத்து ஓட்டும் கூட்டம் ஒன்று உண்டு. அவள் ஓட்டுவாள், பிச்சுமணி ஸ்டாப்வாட்சோடு வெயிலில் காய்வார். பெண்ணை டாக்டராக்கிய அப்பாக்களுக்குக்கூட அவ்வளவு பெருமை இருந்திருக்காது.

இலையுதிர்காலத்தில் கார் டயர் தேயத் தொடங்கியது. இருவரும் ஆராய்ச்சியில் இறங்கினார்கள். இப்போது போட்டிருந்த கோடை டயர் மழை ரோட்டில் அட்டை மாதிரி ஒட்டும். ஆனால் குளிர் வந்தால் ரப்பர் இறுகிப்போகும், பனியில் பிடி என்பதே கிடையாது. பனி டயர் பனியில் நிற்கும், டெக்சாஸ் வெயிலில் குழைந்துவிடும். நடுவில் எல்லாப் பருவத்துக்குமான ரகம் ஒன்று இருந்தது. மழையில் கோடை டயருக்குக் கொஞ்சம் பின்னால், பனியிலும் கைவிடாது. பிச்சுமணி கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு டயரிலும் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திக் காட்டுவார்.

"பதியறதா பாரு. பதிஞ்சா ரோட்டைப் பிடிக்கும். பதியலேன்னா கல்லுதான்."

சில வருஷம் முன்பு ஊரே உறைந்து கரண்ட் போன பிப்ரவரியை இருவரும் மறக்கவில்லை. அதனால் நடு ரகத்தையே முடிவு செய்தார்கள். கார்த்திகைக் கடைசியில் நான்கு டயரும் வீட்டுக்கு வந்து இறங்கின. மாட்டுவதற்குக் கடையில் நாள் கேட்பதற்குள் மார்கழி பிறந்துவிட்டது.

விசாலாக்ஷி பிடித்துக்கொண்டாள். மார்கழியில் யாராவது வண்டிக்குப் புதுசு பூட்டுவார்களா? கார் வாங்கியபோது கோயிலில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியதே அந்தப் பழைய டயரைத்தான். புதுசு மாட்டினால் மறுபடி வைக்க வேண்டாமா? தை பிறக்கட்டும் என்றாள். இது வெறும் டயர்தானே அம்மா என்று தீக்ஷா இங்கிலீஷில் கெஞ்சினாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

பிச்சுமணிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் விசாலாக்ஷியோடு மல்லுக்கு நிற்பதைவிடச் சில வாரம் காத்திருப்பது சுலபம். அவர் இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய லட்சணமே அதுதான்.

"தையில மாட்டிக்கலாம்மா," என்றார்.

மார்கழி முடிவதற்குள் பனி கொட்டியது. காலையில் தெருவே வெள்ளை வெளேரென்று கிடந்தது. டயர் கடை மூடிவிட்டது. பிச்சுமணியின் கார் பிரேக் வேலைக்காகப் பட்டறையில் இருந்தது. லீவு போடச் சொன்னார். நோயாளிகளுக்கு மருந்து யார் கொடுப்பது என்று கேட்டுவிட்டு தீக்ஷா சாவியை எடுத்தாள். புது டயர்கள் நான்கும் கராஜ் சுவரில் சாய்ந்து நின்றன. அவள் அவற்றைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போடுகிற நேரத்தில் பிச்சுமணி குனிந்து முன் டயரில் நகத்தை வைத்து அழுத்தினார். பதியவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த நிமிஷம் சாவியைப் பிடுங்கியிருக்கலாம், கார் முன்னால் படுத்திருக்கலாம். மகா புத்திசாலி, புத்திமதி சொன்னார்.

"மெதுவாப் போ. பாலத்துல மட்டும் பிரேக்கைத் தொடாதே."

"ஐ நோ, அப்பா."

பாலத்தின் உச்சியில் லாரி ஒன்று குறுக்கே வழுக்கி நின்றிருந்தது. பிரேக்கைத் தொடாமல் அவள் வேறு என்ன செய்வாள்? கார் நிற்கவே இல்லை என்று போலீஸ்காரர் சொன்னார்.

உயிர் பிழைத்தாள். முதுகெலும்பு நொறுங்கியிருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, திரும்பும் என்று நம்பச் சொல்ல மாட்டோம் என்றார்கள் டாக்டர்கள்.

தை பிறந்தது. வீட்டில் பால் பொங்கவில்லை. டயர் கடையிலிருந்து அழைத்து, மாட்ட வருகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார்கள். பிச்சுமணி போனை வைத்தார். அவர் மனைவியைக் குற்றம் சொல்லவில்லை. உள்ளுக்குள் மட்டும் ராப்பகலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். சாதம் பரிமாறிக்கொண்டே ஒருநாள் சொன்னாள்.

"ஏன்னா, நீங்க அன்னிக்கே மாட்டியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருப்பேன். அவ்வளவுதானே."

அவ்வளவுதான். அந்த இரண்டு நாள் முகத்துக்குப் பயந்துதான் பெண்ணின் கால்களைக் கொடுத்திருக்கிறார்.

சிகிச்சை மையத்தில் தினமும் மகளின் காலைப் பிடித்துவிடுவார். பேசுவதற்கு எதுவும் இல்லை. இருந்த ஒரு பேச்சும் போய்விட்டது. ஒரு சாயங்காலம், யாரும் இல்லாதபோது, அவள் உள்ளங்காலில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். மெதுவாக, பிறகு பலமாக.

"தெரியறதாம்மா?"

தீக்ஷா அவர் கையைப் பார்த்தாள். கடை கடையாக டயரில் அழுத்திக் காட்டிய கை என்று அவளுக்குத் தெரியும்.

"தெரியலப்பா," என்றாள், தமிழில்.

அவர் விரலை எடுத்தார். பாதத்தில் நகம் நன்றாகப் பதிந்திருந்தது.