நாற்பத்தொரு கையெழுத்து

1995-இல் மலேசியாவின் பினாங்கில், சுங்கை பினாங் அடுக்குமாடி வீடுகளில் காசநோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. சிகிச்சையில் இருப்பவர்களின் வீட்டுக்கே போய், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். அங்குள்ள கிளினிக்கில் பதினான்கு வருடம் தாதியாக, எல்லாருக்கும் ‘மிஸ்ஸி’யாக இருந்த ஞானாம்பிகையும், ஜுரு என்ற ஊரில் தொழிற்சாலை வேலை போய் அதே கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்த மீனாட்சியும் அதற்குப் போனார்கள்.

மாதம் முடிந்தபோது மீனாட்சியிடம் நாற்பத்தொரு கையெழுத்து. ஞானாம்பிகையிடம் ஒன்பது.

ஆய்வை நடத்திய டாக்டர் திருநாவுக்கரசு எல்லார் முன்னாலும் மீனாட்சியைப் பாராட்டினார். ஞானாம்பிகையும் கைதட்டினாள். மதியம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஊசி பிடிக்கக்கூடத் தெரியாதவள் என்று மனம் பொருமிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் டாக்டர் அறைக்குப் போனாள்.

“டாக்டர், அந்தப் பொண்ணு என்ன டெஸ்ட்டுன்னு சொல்லாமலே கையெழுத்து வாங்குதோன்னு எனக்குச் சந்தேகம்.”

அப்படி அவள் எதையும் பார்த்ததில்லை, கேட்டதுமில்லை.

டாக்டரின் முகம் மாறியது. “உண்மைன்னா ஆய்வையே நிறுத்தணும் மிஸ்ஸி. நீங்களே போய் விசாரிங்க.”

உற்சாகமாகத்தான் கிளம்பினாள். முதல் வீடு லாரி ஓட்டும் நல்லமுத்துவுடையது. போன மாதம் அவளிடம் முடியாது என்று சொல்லிவிட்டு, பிறகு மீனாட்சியிடம் கையெழுத்துப் போட்டவர்.

“என்ன டெஸ்ட்டுன்னு அவ சொன்னாளா?”

“சொன்னுச்சு. எனக்குப் புரியலன்னு ரெண்டாவது தடவையும் சொன்னுச்சு. அதுக்கும் டிபி வந்துச்சாம் மிஸ்ஸி. மாத்திரை போட்டு மூத்திரம் சிவப்பா போனதும் ரத்தம்னு நெனச்சு அழுதுச்சாம். எனக்கும் அப்படித்தான்லா!” சிரித்தவர் நிறுத்தினார். “நீங்க வந்தீங்க. மூக்க மூடிக்கிட்டு, கையெழுத்துப் போடுற பாரத்த நாற்காலில வச்சிட்டு வாசல்லயே நின்னீங்க.”

ஞானாம்பிகைக்கு முகம் சுட்டது. மீனாட்சிக்குக் காசநோய் வந்திருந்தது அவளுக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.

நாற்பத்தொரு வீட்டுக்கும் போக ஐந்து நாள் ஆயிற்று. ஒருவர்கூடத் தெரியாமல் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. ஒரு பிழையாவது கிடைக்காதா என்று கடைசி வீட்டுப் படியேறும்போதும் நினைத்தாள்.

“எல்லாம் சரியா இருக்கு டாக்டர். நான் சொன்னது பொய். பொறாமையில சொல்லிட்டேன்.”

“அத மீனாட்சிகிட்ட சொல்லுங்க” என்றார் டாக்டர்.

மீனாட்சி சளி டப்பாக்களில் எண் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஞானாம்பிகை சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

“தெரியும்க்கா. முதல் நாளே நல்லமுத்து அண்ணன் சொல்லிட்டாரு. உங்க பேச்ச டாக்டர் நம்பியிருந்தா எனக்கு இந்த வேலையும் போயிருக்கும்.”

“இனிமே உன்கூட வரட்டுமா? நீ பேசுறத பார்க்கணும்.”

மீனாட்சி யோசித்தாள். “இந்த வாரம் வேணாம்க்கா. நீங்க விசாரிச்சதுல அந்த வீடுகள்ல எல்லாரும் உங்க மேல கோவமா இருக்காங்க. நான் பேசிட்டுச் சொல்றேன்.”

பதினான்கு வருட மிஸ்ஸி சரியென்று தலையாட்டினாள். அந்த வீடுகளுக்குள் நுழைய இவளுடைய அனுமதி வேண்டியிருக்கிறதே என்று அப்போதும் நெஞ்சு எரிந்தது. ஆனாலும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மீதி டப்பாக்களுக்கு எண் ஒட்டத் தொடங்கினாள்.