செக்போஸ்ட் வரவில்லை

கேரளத்தில் சாலியார் ஆற்றங்கரையில் இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பு ரம்லத் டீச்சர். பாடம் எடுப்பது கணக்கு. கம்ப்யூட்டர் அறை அவர் தலையில் கட்டப்பட்டது. ஒரு கோடை விடுமுறையில் லினக்ஸ் பயிற்சி முகாமுக்கு ஆள் வேண்டும் என்று கேட்டபோது, மற்ற ஆசிரியர்கள் எல்லோருக்கும் அந்த வாரமென்று பார்த்துச் சொந்தத்தில் கல்யாணமும் வீடு குடிபுகுதலும் வந்துவிட்டன. இவர் போனார். போன இடத்தில் அது பிடித்தும் போனது. அதன்பிறகு அந்த அறையின் சாவியை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை.

அந்த அறையில் பிள்ளைகளுக்கு நன்றாகப் பழகிய சங்கதி ஒன்று உண்டு. புதிதாக ஒரு நிரலைப் போட்டுவிட்டுத் திரையில் இருக்கும் ஐகானை இரண்டு தரம் அமுக்கினால், அது உடனே திறக்காது. நடுவில் ஒரு பெட்டி வந்து நிற்கும். இது நம்பத் தகுந்ததென்று குறிக்கப்படவில்லை, எங்கிருந்து வந்ததென்று தெரியாவிட்டால் திறப்பது ஆபத்து என்று சொல்லும். அதோடு கோப்பின் பெயர் இருக்கும். கீழே மூன்று பொத்தான்கள்: எப்படியும் திற, நம்பத் தகுந்ததாகக் குறி, வேண்டாம். இதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் செக்போஸ்ட். கூடலூருக்குப் போகிற பஸ்ஸை மாநில எல்லையில் வழிக்கடவில் நிறுத்தி, ஒருவர் ஏறி எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு இறங்கிப் போவாரே, அதுதான்.

தப்பானது எதுவானாலும் செக்போஸ்ட் பிடித்துக்கொள்ளும் என்று ரம்லத் டீச்சர் அடிக்கடி சொல்வார். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. செக்போஸ்ட் வந்தால் எதையும் தொடக்கூடாது, கையைத் தூக்க வேண்டும். டீச்சர் வருவார், குனிந்து பார்ப்பார், "ம், அமுக்கு" என்பார். பிள்ளை அமுக்கும். வருஷம் முழுக்க இப்படித்தான் நடந்தது. டீச்சர் வாசித்துப் பார்த்துத்தான் சொல்கிறார் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய வாசிப்புக் கண்ணாடியோ மேசைமேல் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும். அது இல்லாமல் அந்தப் பொடி எழுத்து அவருக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான். ஆனால் நிரலைப் போட்டவரே அவர். வந்திருப்பது என்னவென்று அவருக்குத் தெரியாதா? தினம் பார்க்கிற முகத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்.

இந்தச் சட்டத்தை ஒரு எழுத்துக்கூட விடாமல் கடைப்பிடித்தவள் பத்தாம் வகுப்பு ரின்ஷா. கேட்காமல் எதையும் தொடமாட்டாள். "இவ மூச்சு விடறதுக்கும் கையத் தூக்குவாடீ" என்று கூட இருக்கும் பெண்கள் கிண்டல் செய்வார்கள். அவள் கண்டுகொள்வதில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியில் ப்ளஸ் ஒன், அதுவும் கம்ப்யூட்டர் பிரிவு. அந்த மாவட்டத்தில் பத்தாவது தேறியவர்களின் தலைகளும் ப்ளஸ் ஒன் இருக்கைகளும் என்றைக்கு ஒத்துப்போயிருக்கின்றன? முதல் ஒதுக்கீட்டிலேயே பெயர் வந்தால் உண்டு. கம்ப்யூட்டர் செய்முறைத் தேர்வில் தவறினால் மே மாதம் மறுதேர்வு எழுதலாம். எழுதி வருவதற்குள் அந்த இருக்கையில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள்.

தேர்வு வாரம் வந்தது. தலைமையாசிரியர் பிரபாகரன் மாஷ் (ஆண் வாத்தியார்கள் எல்லோரும் அங்கே மாஷ்தான்) மாடி ஏறி வந்தார். அவர் மாடி ஏறினாலே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"டீச்சரே, இந்த வருஷமும் நம்ம பிள்ளைங்க பஸ்ஸுக்குக் கை காட்டற மாதிரி நிக்கப்போகுதா?"

"செக்போஸ்ட் வந்தா தூக்கத்தான் செய்வாங்க, மாஷே. நான்தான் அப்படிச் சொல்லிவெச்சிருக்கேன்."

"போன வருஷம் வெளியேருந்து வந்தவர் என்ன எழுதிட்டுப் போனார்னு ஞாபகம் இருக்கா? பிள்ளைகளுக்குத் திறக்கவே தெரியலன்னு. மேல இருக்கறவங்க அதை எங்கிட்டதான் கேட்டாங்க, உங்ககிட்ட இல்ல."

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்?"

"அந்தப் பெட்டி வராம பண்ணுங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு இறங்கிப்போய்விட்டார். செய்வதற்கு ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து, தேர்வு நிரலை மட்டும் பார்த்து, நம்பத் தகுந்தது என்று குறிக்க வேண்டும். ரம்லத் டீச்சர் அதற்குத்தான் நாற்காலியை இழுத்தார். பௌதிகம் எடுக்கும் சுகுணன் மாஷ் வாசலில் நின்று சிரித்தார். கம்ப்யூட்டர் விஷயத்தில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் யோசனை சொல்கிற மனிதர்.

"ஒவ்வொண்ணா அமுக்கிட்டு உக்காரப்போறீங்களா? ரம்ஜானே வந்துடும், டீச்சரே."

"வேற வழி இருந்தா சொல்லுங்க. சிரிக்கறதுக்கு எனக்கும் தெரியும்."

"ஒத்தை வரிக் கட்டளை. திரையில என்னென்ன ஐகான் இருக்கோ எல்லாத்துக்கும் ஒரே அடியா அனுமதி. பாஸ் அடிச்சுக் கையில குடுத்த மாதிரி. அப்புறம் ஒரு பெட்டியும் வராது."

"எல்லாத்துக்கும்னா?"

"பரீட்சை ஐகானைத் தவிர வேற என்ன இருக்கப்போகுது? மத்ததெல்லாம் நீங்கதான் எப்பவோ தொடச்சு எடுத்திருப்பீங்களே. உங்க ரூம்ல ஒரு தூசி பாக்க முடியுமா?"

கடைசி வாக்கியத்தில் டீச்சர் விழுந்தார். உண்மையும்கூட. பழைய மாதிரித் தேர்வுகளை எல்லாக் கம்ப்யூட்டரிலிருந்தும் அவர்தான் துடைத்து எடுத்திருந்தார். ஜன்னலோரக் கம்ப்யூட்டரைத் தவிர. அது அப்போது டவுனில் பழுதுபார்க்கும் கடையில் கிடந்தது. தேர்வு வாரத்தில்தான் திரும்பி வந்தது. அதிலும் தேர்வு நிரலை ஏற்றி, அந்த ஒற்றை வரியைத் தட்டி, வேலை முடிந்ததென்று அணைத்துவிட்டு, அடுத்ததற்கு நகர்ந்தார். வரி தட்டுகிற கறுப்புப் பலகை திரையை மூடியிருந்தது. அதற்குப் பின்னால் என்ன இருந்ததென்று அவர் பார்க்கவில்லை.

பின்னால் போன வருஷத்து மாதிரித் தேர்வு இருந்தது. அதுவரை, அனுமதி இல்லாத எந்த ஐகானையும் போல, அது சாம்பல் நிறப் பற்சக்கரச் சின்னமும் நீளமான கோப்புப் பெயருமாக, யாரும் சீண்டாமல் கிடந்தது. அனுமதி கிடைத்ததும் உண்மைத் தேர்வின் அதே சின்னத்தையும் அதே பெயரையும் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

வெளித் தேர்வாளராக மலைப்பக்கத்துப் பள்ளியிலிருந்து லில்லிக்குட்டி டீச்சர் வந்தார். பிரபாகரன் மாஷ் பழம்பொரியும் சாயாவும் வரவழைத்திருந்தார். "பரீட்சை முடியட்டும்" என்று லில்லிக்குட்டி டீச்சர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அறைக்குள் முதல் அணி உட்கார்ந்தது. ஜன்னலோரம் ரின்ஷா. ஒரு கைகூட மேலே எழவில்லை. எல்லாத் திரைகளும் ஒரே மூச்சில் திறந்தன. பிரபாகரன் மாஷ் வாசலில் நின்று பார்த்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டே போனார்.

ரின்ஷா அன்றைக்குப் போட்டாளே ஒரு போடு. அட்டவணை, படம், நிரல் எழுதுவது, எதிலும் தயங்கவில்லை. வருஷம் முழுக்கக் கேட்டுக் கேட்டுச் செய்தவள் யாரையும் கேட்காமல் செய்து முடித்தாள். ரம்லத் டீச்சர் தூரத்திலிருந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார், அதை மறைக்கவும் இல்லை. நேரம் முடிந்ததும் ரின்ஷா கையைத் தூக்கினாள்.

"டீச்சரே, முழு மார்க்கு."

அறையில் யாருக்கும் மார்க்கு வரவில்லை. உண்மைத் தேர்வு மார்க்குக் காட்டாது, மேலே அனுப்பிவிடும். மாதிரித் தேர்வுதான் பிள்ளைகளின் மனம் குளிர உடனே காட்டும். ரம்லத் டீச்சர் ஜன்னலோரத்துக்கு விரைந்தார். அவர் போய்ச் சேர்வதற்குள் லில்லிக்குட்டி டீச்சர் ரின்ஷாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"இது பழசு" என்றார் லில்லிக்குட்டி டீச்சர். "மோளே, நீ எதைத் தெறந்த?"

ரின்ஷா தேர்வை மூடித் திரையைக் காட்டினாள். ஒரே மாதிரி இரண்டு, மேலும் கீழுமாக.

"ரெண்டு இருக்கறதைப் பாத்தியா?"

"பாத்தேன், டீச்சரே."

"பாத்துமா கேக்கல?"

"தப்பானதா இருந்தா செக்போஸ்ட் வரும்னு நெனச்சேன்" என்றாள் ரின்ஷா. "மேல இருந்ததை அமுக்கினேன். செக்போஸ்ட் வரல."

அவள் அழவில்லை. என்ன நடந்ததென்று அவளுக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. முழு மார்க்கு என்று திரை சொன்னதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

விஷயம் கேட்டுத் தலைமையாசிரியரும் மாடி ஏறி வர, வராந்தாவில் இரண்டு டீச்சர்களும் அவரும் நின்றார்கள். பிரபாகரன் மாஷ்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"பிள்ளை தப்பானதைத் தெறந்துட்டா. நடந்தது அதுதானே. அப்படியே போட்டுடலாம். மே மாசம் எழுதிக்கட்டும்."

"எனக்கு ஒண்ணு தெரியணும்" என்றார் லில்லிக்குட்டி டீச்சர். "பிள்ளை தப்புன்னா மே மாசம்தான். அதுல நான் செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. மெஷின் தப்புன்னா இன்னிக்கு மத்தியானமே வேற கேள்வி வெச்சு உக்கார வெக்கலாம். எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

பிரபாகரன் மாஷ் ரம்லத் டீச்சரைப் பார்த்தார். மெஷின் என்றால் அந்த அறை, அந்த அறை என்றால் விளக்கம் கேட்டுக் கடிதம், பெட்டியை எடுக்கச் சொன்னது யார் என்ற கேள்வி. மனிதர் அதையெல்லாம் கண்ணாலேயே சொல்லி முடித்துவிட்டார். ரம்லத் டீச்சர் அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ளவில்லை. தான் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் ரின்ஷாவின் ப்ளஸ் ஒன் போய்விடும் என்ற பயம்தான் அவருக்கு.

"மெஷின் மேல தப்பில்ல" என்றார். பிரபாகரன் மாஷுக்கு மூச்சு வந்தது. "பிள்ளை மேலயும் இல்ல. நான் சொல்லிக்குடுத்ததை அவ அப்படியே செஞ்சா. தப்பு வந்தா பெட்டி வரும்னு வருஷம் பூரா சொன்னேன். அந்தப் பெட்டியை நான்தான் எடுத்தேன். எடுத்ததை அவகிட்ட சொல்லல."

"எதுக்கு எடுத்தீங்க?" என்று கேட்டார் லில்லிக்குட்டி டீச்சர்.

"பிள்ளைங்க கை தூக்கினா பாக்கறதுக்கு நல்லா இல்லன்னு."

லில்லிக்குட்டி டீச்சர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "டீச்சர் தப்புன்னு போட இந்த ஃபாரத்துல இடமில்ல. மெஷின் தப்புன்னு போடறேன். மேல கேட்டா உங்களைக் கைகாட்டுவேன்."

"காட்டுங்க."

"அந்தப் பெட்டியைத் திரும்பக் கொண்டாங்க. ரெண்டு ஐகானும் அப்படியே இருக்கட்டும், எதையும் அழிக்கக்கூடாது. நான் படம் எடுத்து அனுப்பணும்."

பிரபாகரன் மாஷ் இறங்கிப் போனார். மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

கொடுத்த அனுமதியைப் பறிக்கவும் ஒற்றை வரிதான். ரம்லத் டீச்சர் அதைத் தட்டினார். இரண்டு ஐகான்களும் சின்னத்தை இழந்து சாம்பல் பற்சக்கரங்களாக நின்றன. அடியில் நீளமான கோப்புப் பெயர்கள். பெயர் மாறியதில் வரிசையும் மாறியது. மேலே இருந்தது கீழே போயிற்று. அதை யாரும் கவனிக்கவில்லை.

மத்தியானம் ரின்ஷா மறுபடியும் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். அதற்குள் அவளுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. கண் வீங்கியிருந்தது. மதியச் சோற்றைத் தொடவில்லை என்று கூட இருந்த பெண்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். ரம்லத் டீச்சர் அவள் தோளில் கை வைத்தார். அவள் நகரவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. டீச்சருக்கு அது சுருக்கென்று இருந்தது.

"ஆரம்பிக்கலாம்" என்றார் லில்லிக்குட்டி டீச்சர்.

காலையில் மேலே இருந்தது தப்பு என்பது ரின்ஷாவின் மனதில் பதிந்திருந்தது. அதனால் இப்போது கீழே இருந்ததை இரண்டு தரம் அமுக்கினாள். பெட்டி வந்து நின்றது. அவள் மவுஸை விட்டுக் கையை எடுத்து மேலே தூக்கினாள்.

ரம்லத் டீச்சர் பக்கத்தில்தான் இருந்தார். குனிந்தார். அதே பெட்டி, அதே மூன்று பொத்தான். "ம்" என்பது அவர் வாயிலிருந்து வெளியே வந்துவிட்டது.

ரின்ஷா அமுக்கவில்லை. இப்போதுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கண்ணாடி போட்டுக்கங்க, டீச்சரே" என்றாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. மரியாதையாகத்தான் சொன்னாள்.

ரம்லத் டீச்சர் அப்படியே நின்றார். இவள் எப்போதிலிருந்து கவனித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்ததும் காது மடல் சூடாகியது. இந்த வகுப்பில் தூக்கிய கைகள் எத்தனை, தான் சொன்ன "ம்" எத்தனை. ரம்லத் டீச்சர் மேசைக்குப் போய்ப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் கிடந்த கண்ணாடியை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். குனிந்து முதல் வரியிலிருந்து வாசித்தார். கோப்பின் பெயருக்கு வந்ததும் விரலைத் திரைமேல் வைத்துக்கொண்டு மெதுவாக வாசித்தார். பழைய வருஷம். மாதிரி.

"வேண்டாம்னு இருக்கு பாரு" என்றார். "அதை அமுக்கு."

ரின்ஷா அமுக்கினாள். பெட்டி போனது. மேலே இருந்ததை இரண்டு தரம் அமுக்கினாள், பெட்டி மறுபடியும் வந்தது. பக்கத்திலேயே கண்ணாடியோடு நின்றிருந்த டீச்சருக்காக அவள் மறுபடியும் கையைத் தூக்கினாள்.