நீர்நாய் பார்த்த நாள்

மேட்டூரில் திறக்கிற தண்ணீரை வயல்களெல்லாம் குடித்தது போக மிச்சம்தான் எங்கள் பக்கம் வரும். ஆறு கடலில் கலக்கிற இடத்தில் அலையாத்திக் காடு, அதற்கு நடுவே ஒரு தீவு. அதைச் சுற்றிக் காட்ட ஒரு கம்பெனி வந்தது. என் அப்பா வலை இழுத்த தண்ணீரில் நான் ஆட்களை ஏற்றிக்கொண்டு பறவை காட்டுகிறேன். ஆகா, நல்ல பிழைப்பு.

கம்பெனி ஒரு சட்டம் போட்டிருக்கிறது. படகோட்டியின் வீட்டு ஆட்கள் யாரும் காட்டு வாய்க்காலில் மீன், இறால், நண்டு எதையும் தொடக் கூடாது. தொட்டால் படகோட்டிக்கு வேலை இல்லை. போன மாதம் என்னோடு படகு ஓட்டிய காயாரோகணத்துக்கு வேலை அப்படித்தான் போயிற்று. வாரத்தில் பாதி நாள் படகு ஓடாது, அந்த நாட்களில் என்ன சாப்பிடுவது என்பதற்கு மட்டும் சட்டம் போட மறந்துவிட்டார்கள். என் மனைவி நாகரத்தினம் தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவினால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். அன்று காலையிலும் கேட்டாள்.

"எந்தப் பக்கம் போறீங்க?"

"கிழக்கு வாய்க்கால். நீ மேற்க இறங்கு."

அன்று வந்தவள் வானதி. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, ஒரு வருஷம் ஊர் சுற்றப் புறப்பட்ட பெண். மூன்று நாள் படகுப் பயணத்தில் முதல் நாள். அவள் பையைச் சுமக்கிறாளா, பை அவளைச் சுமக்கிறதா என்று தெரியவில்லை, அவ்வளவு பெரிய பை. மன்னார்குடியில் பஸ்ஸைத் தவறவிட்டு வெயில் ஏறிய பிறகுதான் வந்தாள். "சாரிண்ணா" என்று சிரித்து, எனக்கும் பிஸ்கட் கொடுத்தாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் எரிச்சல்.

கம்பெனியின் வழிகாட்டி மதிவாணன் கடிகாரத்தைப் பார்த்தான். "கிழக்க போக நேரமில்லண்ணே. மேற்கால விடுங்க."

மேற்கேதான் நாகரத்தினம் இறங்கியிருப்பாள். "மேற்கால தண்ணி கம்மி. தரை தட்டும்."

"நேத்து போனீங்களே, தட்டுச்சா?"

அதற்கு மேல் பேசினால் சந்தேகப்படுவான். சத்தம் கேட்டாவது அவள் ஒதுங்கட்டும் என்று எஞ்சினை முறுக்கினேன். "நிறுத்துங்கண்ணே, பறவையெல்லாம் பறந்துடும்" என்று கத்தினான். நிறுத்திவிட்டுக் கழியை ஊன்றினேன். படகு சத்தமே இல்லாமல் போனது.

வளைவு திரும்பியதும் வானதி கையை நீட்டினாள். "அண்ணா, அங்க ஒரு தலை!"

நடு வாய்க்காலில் கழுத்தளவு தண்ணீரில் நின்றிருந்தாள் என் நாகு. இறால் போடும் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்திருந்தாள். என்னை நம்பித்தான் அங்கே இறங்கியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் வாய் வரைக்கும் தண்ணீரில் அமிழ்ந்தாள்.

"என்னது அது?" மதிவாணன் கண்ணைச் சுருக்கினான்.

"நீர்நாய்" என்றேன். வாயில் வந்துவிட்டது.

"கிட்ட போலாமா?" என்றாள் வானதி.

"குட்டி போட்ட நேரம். கடிக்கும்."

கேமரா படபடத்தது. தலை முழுக்க மூழ்கியதும் வானதி கை தட்டினாள், மதிவாணனும் தட்டினான். "இருங்க, மூச்சு விட மேல வரும், அப்ப நல்லா எடுக்கலாம்" என்றான். அவனைத் தூக்கித் தண்ணீரில் போடலாம் போலிருந்தது. நாகு அலையாத்தி வேர்களுக்கு நடுவே எழுந்து ஒரு மூச்சு வாங்கினாள். திரும்பவும் கேமரா. திரும்பவும் மூழ்கினாள். கழி வழுக்கியதுபோல் படகின் விளிம்பில் ஓங்கி அடித்தேன்.

"போச்சு, பயந்து ஓடிருக்கும்" என்று படகைத் திருப்பினேன்.

வானதி கேமராவை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கலங்கிய தண்ணீர், ஈரக் கறுப்பாய் ஒரு உருண்டை, அதில் ஒரு புள்ளி வெளிச்சம். "கண்ணு எப்படி மின்னுது பாருங்கண்ணா!"

அது கண் இல்லை. கல்யாணத்துக்கு நாகுவுக்கு நான் போட்ட மூக்குத்தி.

கரையில் இறங்கும்போது வானதி என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். "முதல் நாளே இப்படி அமையும்னு நினைக்கலண்ணா." மதிவாணன் என் தோளில் தட்டினான். "நாளைக்கும் அதே இடத்துக்கு விடுங்க."

வீட்டில் நாகு இறாலை உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எதுக்குக் கை தட்டுனாங்க?"

சொன்னேன். மூக்குத்தியைக் கண் என்று நினைத்ததையும் சொன்னேன். நாளைக்கும் அங்கேதான் வரச் சொல்கிறார்கள் என்பதையும் சொன்னேன். அவள் கை நின்றது.

"நான் எழுந்து நின்னிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "யாரோ, எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருப்பேன்."

"அப்ப நீர்நாயே பரவால்ல" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, மூக்குத்தியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

"பத்திரமா வைங்க. நாளைக்கும் அங்கதான் இறால் இருக்கு."